அறுபது நாள், தொண்ணூறு நாள்

நாட்டில் எங்கேனும் ஒரு கொடுஞ்செயல் நிகழ்ந்துவிட்டால் மறுநாளே ஒரு குரல் எழும். "இருக்கும் சட்டம் போதாது, இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்" என்பதே அக்குரல். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசும் நம் மக்களிடமும் அதைக் கேட்கிறோம். குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சட்ட நுணுக்கம் பேசுவது மனிதத்தன்மை ஆகாது. எனினும், அந்நுணுக்கத்தை அவளுக்காகவும் நமக்காகவும் பேச வேண்டியவர்களை நாம் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அத்தகைய வேளையில் அவர்கள் சட்டத்தின் எப்பகுதியில் கைவைக்கிறார்கள் என்பதை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து நோக்க விழைகிறோம்.

தனிமனித உரிமை என்றவுடன் அரசியல் சாசனத்தின் பெருஞ்சொற்களே நினைவுக்கு வரும். நடைமுறையில் அது "24 மணி நேரம்", "60 நாள்" போன்ற எண்களிலும், யாரும் படிக்காத துணைப் பிரிவுகளிலும் குடியிருக்கிறது. திருத்தம் வந்து சேருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அரசியல் நிர்ணய சபையில் நடந்ததை நினைவுகூர்வோம். ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் சட்டமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினர். 1948-இல் சபை அதனை ஏற்கவில்லை. சட்டம் வகுத்த முறைப்படி நடந்தால் போதும் என்று முடிவு செய்தது. அப்படியானால் சட்டம் எதைச் சொன்னாலும் அதுவே முறையாகிவிடுமே என்னும் மனக்குறை எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் அக்குறையை அலட்சியம் செய்யவில்லை. 1949 செப்டம்பரில் அவரே புதியதொரு விதியைக் கொண்டுவந்தார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை நாட அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்றைய 22-ஆம் விதி அதுவே. அதே விதியில் தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த 24 மணி நேரம் முடிந்தபின் நாட்கணக்கு தொடங்குகிறது. வெள்ளையர் காலத்து 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், புலன்விசாரணைக்காக ஒருவரைக் காவலில் வைக்க 15 நாட்களே தந்தது. ஏட்டில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய வழக்குகளில் 15 நாளில் விசாரணை முடியாது. ஆகவே போலீசார் அரைகுறையான ஓர் அறிக்கையைச் சமர்ப்பிப்பார்கள். வழக்கை ஒத்திவைப்பதற்கென இருந்த வேறொரு பிரிவைக் காட்டிக் காவலை நீட்டித்துக்கொண்டே போவார்கள். சட்ட ஆணையம் 1969-இல் தன் 41-ஆம் அறிக்கையில் இதை எடுத்துக்காட்டி, ஒரு தெளிவான உச்ச வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை 60 நாள் என வகுத்தது. 1978-இல் அதனைத் திருத்தி, மரணதண்டனைக்கோ, ஆயுள் சிறைக்கோ, பத்தாண்டுக்குக் குறையாத சிறைக்கோ உரிய குற்றங்களுக்கு 90 நாள், ஏனையவற்றுக்கு 60 நாள் என்றார்கள். அந்நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிடில், ஜாமீன் கொடுக்க ஆயத்தமாயிருப்பவரை விடுவித்தே ஆக வேண்டும்.

குற்றவியல் சட்டத்தைத் திருத்துவது எப்படி என்று எவரேனும் நம்மைக் கேட்டால் இதைத்தான் காட்டுவோம். 15 நாளை 90 ஆக்கியது மேலோட்டமாகப் பார்த்தால் கடுமையே. ஆயினும் பொய்யான 15-ஐ விட மெய்யான 90 மேலானது. போலீசாருக்குத் தேவையான காலத்தை நேர்மையாகக் கொடுத்தார்கள். அதற்கப்பால் ஒரு நாளும் கிடையாது என்று கதவையும் அடைத்தார்கள். ஆணையம் ஆராய்ந்து, அறிக்கை தந்து, ஆண்டுகள் சில கழித்துச் செய்த வேலை அது.

அதே 1978-இல் நெருக்கடி நிலையின் காயம் இன்னும் ஆறாதிருந்தது. 44-ஆம் சாசனத் திருத்தத்தின் வழியாக, இனி எந்த நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21-ஆம் விதியை நீதிமன்றம் சென்று நிலைநாட்டும் உரிமையை நிறுத்திவைக்க இயலாது என்று உறுதி செய்தனர். அத்திருத்தத்தின் மூன்றாம் பிரிவு, அறிவுரைக் குழுவின் கருத்தின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. பாராளுமன்றம் நிறைவேற்றியது, 1979-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் அளித்தார். நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும். அந்நாளை இன்றளவும் எந்த அரசும் அறிவிக்கவில்லை. 1981-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்காடியும் பயனில்லை. எத்தனை கட்சிகள் ஆண்டு சென்றுவிட்டன!

பின்னர் தனிச் சட்டங்கள் வந்தன. 1987-ஆம் ஆண்டுத் தடாச் சட்டம் குற்றப்பத்திரிகைக்கு ஓராண்டு வரை அவகாசம் தந்தது. 1993-இல்தான் அதை 180 நாளாகக் குறைத்து, நீட்டிக்க வேண்டுமானால் அரசு வழக்கறிஞர் காரணம் காட்ட வேண்டும் என்றனர். இத்தனை கடுமைக்கிடையிலும் தடாவுக்கு ஒரு நற்குணம் இருந்தது. அது ஈராண்டுக்கென்றே இயற்றப்பட்டது. நீட்டிக்க வேண்டுமாயின் மீண்டும் பாராளுமன்றத்தின் முன் வந்து நிற்க வேண்டும். 1995-இல் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர், மேலும் நீட்டிக்க வேண்டாமென்று பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் தடா காலாவதியாயிற்று.

2002 மார்ச்சில் இரு சபைகளின் கூட்டுக் கூட்டம் பொடாவை நிறைவேற்றியது. அதனை ஆதரித்த தமிழக உறுப்பினர்களுள் திரு. வைகோவும் ஒருவர். அவ்வாண்டு ஜூலையில், ஒரு மேடைப் பேச்சுக்காக, அதே பொடாவில் அவர் கைதானார். ஏறத்தாழ 19 மாதம் சிறையில் இருந்தார். அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் நம் வாசகரிடையே உண்டு. நாம் சுட்டுவது ஒன்றே: ஒரு பிரிவுக்குக் கைதூக்குமுன், அப்பிரிவின்கீழ்த் தாமே நிறுத்தப்பட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்ப்பது சட்டமியற்றுவோருக்கு நல்ல பயிற்சி.

பொடா 2004-இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டே அதன் பகுதிகள் பல, 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபுகுந்தன. ஊபா எனப்படும் இச்சட்டத்துக்குக் காலாவதி நாள் இல்லை. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. டிசம்பரிலேயே திருத்தம் நிறைவேறிவிட்டது. காவல் 180 நாள் வரை நீளலாம் என்றாயிற்று. அத்துடன், குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மையென நம்ப நியாயமான காரணம் உண்டு என நீதிமன்றம் கருதினால் ஜாமீன் கூடாது என்னும் துணைப் பிரிவும் சேர்ந்தது. போலீசாரின் ஏடுகளைக் கொண்டே இதைக் கருத வேண்டும்; எதிர்த்தரப்பின் சான்றுகளுக்கு அவ்வேளையில் பெரிய இடமில்லை.

இத்துணைப் பிரிவு என்ன செய்யும் என்பதை நம் திருச்சபை அறியும். திருச்சிப் பகுதியில் பிறந்து, ஜார்க்கண்டு ஆதிவாசிகளிடையே உழைத்த தந்தை ஸ்டேன் சுவாமி, சே.ச., 2020 அக்டோபர் 8 அன்று தம் 83-ஆம் வயதில் கைதானார். விசாரணைக் கைதிகளாய் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றத்தை நாடியவர் அவர். தம்மீது கூறப்பட்ட மாவோயிஸ்டுத் தொடர்பை மறுத்தார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாமல், உறிஞ்சுகுழல் வைத்த குவளைக்காகவும் மனுச் செய்ய நேர்ந்தது. 2021 மார்ச்சில் தனி நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையிலேயே ஜூலை 5 அன்று காவலில் மரித்தார். அவர் குற்றவாளியா அன்றா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை. அவருக்காகப் பேசியவர்களையும் அப்போது பலர் ஐயத்தோடு நோக்கினர். ஒருவரைக் கேளாமலே தீர்ப்பிடலாமா என்று பரிசேயரிடையே எழுந்து வினவிய நிக்கதேமையும், நீரும் கலிலேயரோ என்றுதானே ஏளனம் செய்தார்கள்!

அதே 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு வாயிலைத் திறந்திருந்தது. வழக்கு விரைவில் முடியும் வாய்ப்பின்றி ஒருவர் நெடுங்காலம் சிறையில் கிடந்தால், ஊபா தடுத்தாலும் ஜாமீன் வழங்கலாம் என்றது. அத்தீர்ப்பு பிறந்த வழக்கு எது தெரியுமா? 2010-இல் கேரளத்தின் தொடுபுழாக் கத்தோலிக்கக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கையை வெட்டிய வழக்கு. நம்மவர் ஒருவருக்குக் கொடுமை இழைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், ஐந்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தபின் பெற்ற ஜாமீன் அது. அதனால் நீதி தப்பிவிடவில்லை. 2023-இல் அவ்வழக்கின் இரண்டாம் கட்ட விசாரணை முடிந்து தண்டனைகளும் வழங்கப்பட்டன.

குருமடத்தில் புனித தோமாஸ் அக்குவினாரைப் படித்தபோது, சட்டத்தை மாற்றுவது பற்றி அவர் எழுதியதை ஆமை நடையென்று நண்பர் சிலர் நகைத்ததுண்டு. மேலான ஒன்று தென்பட்டவுடனே சட்டத்தை மாற்றிவிடலாகாது. மாற்றமே சட்டத்தின் வலிமையைச் சற்றுக் குறைக்கும். ஆதலின் மாற்றத்தால் வரும் நன்மை அக்குறையை ஈடுசெய்யுமளவு பெரிதாயிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 2023 டிசம்பரில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறியபோது அது நம் நினைவில் நின்றது. ஆகஸ்டில் மசோதாக்களை நிலைக்குழுவுக்கு அனுப்பியது நன்று. திருத்திய மசோதாக்களோ டிசம்பர் 12 அன்று வந்து 21-க்குள் இரு சபைகளையும் கடந்துவிட்டன. அக்கூட்டத்தொடரில் எதிர்க்கட்சியினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். இவ்வளவு பெரிய சட்டத்துக்கு அது போதிய விவாதமென்று நாம் கருதவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் 60, 90 என்னும் எண்கள் அப்படியே நிற்கின்றன. ஆனால் போலீஸ் காவலுக்குரிய 15 நாளை முதல் இரு வாரத்திலேயே முடிக்க வேண்டியதில்லை; 40 அல்லது 60 நாளுக்குள் பகுதி பகுதியாகவும் கேட்கலாம். சிறைக்குச் சென்றவர் மீண்டும் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படலாம் என்பது அதன் பொருள். இது நமக்குக் கவலை தருகிறது.

அதே சட்டத்தின் 479-ஆம் பிரிவில் நல்லதொன்றும் உண்டு. விசாரணைக் கைதி, தன் குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன் பெறலாம். முன்பு எவ்வழக்கிலும் தண்டனை பெறாதவராயின் மூன்றிலொரு பங்கு போதும். மரணதண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் தடையுண்டு. நாள் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. இச்சலுகை பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. பங்கில் அத்தகைய குடும்பம் இருப்பின், வின்சென்ட் தே பவுல் சபையினர் கைதான தேதி, குற்றப்பிரிவு, அதற்குரிய உச்ச தண்டனை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும்.