அரியது அருகில் இல்லை

சென்ற ஞாயிறன்று தொம்மலூரில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பன்னிரண்டு வயது மகன் கைப்பேசியும் கையுமாக மாடிக்கும் வாயிலுக்கும் நடந்துகொண்டிருந்தான். "இவனுக்குக் கங்காஸ்கான் வேண்டுமாம், ஆறு திங்களாக இதே பேச்சு" என்று சலித்துக்கொண்டார் தந்தையார்.

அஃது யாதென வினவினோம். பையன் ஆர்வத்தோடு விளக்கினான். 'போக்கிமான் கோ' என்னும் ஆட்டம் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டு டிசம்பரில் நம் நாட்டை முறைப்படி எட்டியது. கைப்பேசியிலுள்ள நிலப்படத்தைப் பார்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால், கற்பனை உயிர்கள் ஆங்காங்கே தோன்றும். அவற்றைப் பிடித்துச் சேர்க்க வேண்டும்.

இவ்வுயிர்களின் உலகைப் படைத்த சதோஷி தஜிரி என்னும் ஜப்பானியர், சிறு வயதில் பூச்சிகளைத் தேடிச் சேர்த்து மகிழ்ந்தவர். 1996-இல் வந்த முதல் ஆட்டம் இரு பதிப்புகளாக விற்கப்பட்டது. ஒன்றில் உள்ள சில உயிர்கள் மற்றொன்றில் இல்லை. ஆகவே தோழனோடு மாற்றிக்கொள்ளாமல் எந்தச் சிறுவனும் தன் தொகுப்பை நிறைவு செய்தல் அரிது. இந்த ஏற்பாட்டை நாம் மிகவும் மெச்சுகிறோம்.

புதிய ஆட்டத்தில் நாடுகளே பதிப்புகளாகிவிட்டன. வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் கங்காஸ்கான் வழக்கமாக ஆஸ்திரேலியாவில் கிட்டும். டாரஸ் என்னும் காளை வட அமெரிக்காவில் கிட்டும். ஓட்டினுள் கரி எரியும் டார்கோல் என்னும் ஆமை நம் பக்கத்தில் கிட்டும். தொம்மலூரை நூறு முறை வலம் வந்தாலும் கங்காஸ்கான் எளிதில் வாராது.

பள்ளித் தோழன் ஒருவன் பையனுக்குக் குறுக்குவழி கூறியிருந்தான். கைப்பேசி சிட்னி நகரில் இருப்பதாகப் பொய் காட்டும் செயலி உண்டாம். தொல்லை தீர்ந்தால் போதுமென்று தந்தையும் பணம் தர இசைந்திருந்தார். அது விதிக்கு மாறானது என்றும், கண்டுபிடித்தால் கணக்கையே முடக்குவர் என்றும் எடுத்துரைத்தோம்.

"பெரியப்பா சிட்னியில்தானே இருக்கிறார்?" என்றான் பையன், மெல்லிய குரலில்.

அறையில் பேச்சு நின்றது. ஊரிலிருந்த பூர்விக வீட்டைப் பாகம் பிரித்த நாள் முதல் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

பையன் மேலும் சொன்னான்: நண்பராகச் சேர்ந்தவர்கள் நாள்தோறும் பரிசு அனுப்பலாம். பரிசு எந்த இடத்தில் கிடைத்ததோ அவ்விடத்தின் படம் அதனுடன் போகும். இவ்வாறு 90 நாள் பழகினால் நட்பு முதிரும். ஆனால் 2018-இல் உயிர்களை மாற்றிக்கொள்ளும் முறை வந்தபோது, இருவரும் 100 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று விதித்தனர். "பெரியப்பா மகன் இங்கு வந்தால் நான் ஆமையைக் கொடுத்துக் கங்காஸ்கானை வாங்கிக்கொள்வேன்" என்றான்.

நாம் விடைபெறுங்கால் அன்பர் தம் துணைவியாரை நோக்கி, "சிட்னியில் இப்போது மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

பெற்றோரே! பிள்ளைகள் நிலப்படத்தைப் பார்த்தவாறு சாலையைக் கடக்க விடாதீர். ஆட்டத்திற்குப் பணம் செலவிட எல்லை வகுத்திடுவீர். எனினும் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று ஒருமுறையேனும் அமர்ந்து கேளுங்கள். பிழைப்பின் பொருட்டுப் பல திசைகளில் சிதறிய குடும்பங்கள் நம்முடையவை. நமக்கு இல்லாதது நம் உறவினர் கையில் இருக்கக்கூடும்.