அரை மில்லிமீட்டர் கணக்கு

அம்மா பிறந்த லயம் இப்போது இல்லை. பத்து காஜாவுக்கு வெளியே, பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையானபோது அதையும் இடித்துவிட்டார்கள். புகைப்படம்கூட கிடையாது. அம்மாவுக்கு 79 வயது. அவர் ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே அந்த லயத்தை மரத்தில் சிறியதாகச் செய்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டேன். (கெல்லி மாளிகையைச் செய்யலாமே என்கிறார்கள் நண்பர்கள். அதில் நம் ஆட்கள் செங்கல் சுமந்தார்கள், குடியிருக்கவில்லை.)

ஐம்பதில் ஒரு பங்கு அளவு. 6 அங்குலச் சுவர்ப் பலகை 3 மி.மீ. ஆகிவிடுகிறது. கத்தியால் கீறிப் பார்த்தேன்; பத்துப் பலகை, பத்து அகலம். ஈப்போவில் ஒரு கடைக்காரர் 10 அங்குல மேசை ரம்பத்தைக் காட்டினார். அதன் தகடு தின்பதே கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒரு பலகை எடுத்தால் இன்னொன்று தூளாகப் போகும்.

சின்ன மேசை ரம்பம் வாங்கப் போனால் எல்லாரும் மோட்டார் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறோம். நானும் கேட்டேன். கேட்க வேண்டியது தகட்டின் பருமன். 100 மி.மீ. அகலப் பலகையில் 2 மி.மீ. தின்னும் தகடு 20 கீற்று தரும், அரை மி.மீ. தகடு 28 தரும். அடுத்து, பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்புச் சட்டம். பூட்டியபின் விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்த இயந்திரம் வேண்டாம். அமெரிக்காவின் 110 வோல்ட் இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் மயங்காதீர்கள், நம் வீட்டு மின்சாரம் அதற்கு ஆகாது.

புரோக்சோனின் சிறிய ரகம் 8 மி.மீ. கனம் வரைதான் வெட்டும். பெரியது 22 மி.மீ. வரை வெட்டும், தடுப்பையும் 0.1 மி.மீ. கணக்கில் நகர்த்தலாம். என்னிடம் இருப்பதோ 20 மி.மீ. கன ஜெலுத்தோங் துண்டுகள். சாயம் ஏற்றிவிட்டால் பழைய பலகைபோலவே இருக்கும் மென்மையான மரம் அது. அதனால் பெரியதையே வாங்கினேன்.

சின்னத் தகடுதானே என்று விரலால் மட்டும் தள்ளாதீர்கள். நான் ஒரு குச்சி வைத்திருக்கிறேன். கையுறை போடுவதில்லை, அது விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

போன வாரம் முதல் வீட்டை அம்மாவிடம் கொடுத்தேன். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"பலகை சரியா இருக்குய்யா. ஆனா அடுப்படி இந்தப் பக்கம் இல்ல."

மறுபடியும் 28 கீற்று.