பணப்பையும் பேணுதலும்



உண்ணும் இறைச்சி எங்கே, எவரால் அறுக்கப்பட்டது என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் உறையைத் திருப்பி, அதில் சேர்ந்துள்ள கொழுப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஆராய்கிறோம். இந்தப் பேணுதல் போற்றத்தக்கதே. ஆனால் நாள் முழுவதும் நம் உடலோடு ஒட்டிக் கிடந்து, தொழுகையிலும் நம்முடனேயே நிற்கின்ற பணப்பை எதனால் ஆனது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பன்றித்தோல் மென்மையானது, மலிவானது. காலணிகளிலும் பைகளிலும் உள்துணிக்குப் பதிலாக அது பரவலாகப் பயன்படுகிறது. மற்ற தோல்களைப் பதனிடுதல் தூய்மையாக்கும் என்று கூறும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளுமே பன்றித்தோலை அதிலிருந்து விலக்கி வைத்துள்ளன. பூச்சில்லாத பன்றித்தோலை உற்று நோக்கினால் மயிர்த்துளைகள் மும்மூன்றாகக் கூடி நிற்பதைக் காணலாம். மேலே பூச்சுப் பூசி, போலிக் கோடுகளை அழுத்தி விட்டால் அந்த அடையாளமும் மறைந்து விடும். பிறகு கடைக்காரரின் வாய்ச்சொல் ஒன்றே நமக்குச் சான்று!

இனி, 'தோல்' என்று நூறு ரூபாய்க்கு விற்கப்படுபவற்றைப் பார்ப்போம். அவற்றுள் பெரும்பாலானவை தோலே அல்ல. துணியின் மீது நெகிழிப் பூச்சுப் பூசிய ரெக்ஸின். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதையும் தன்மை உடையது. வியர்வையும் கடற்காற்றும் மிகுந்த நம் ஊர்களில் ஓரிரு ஆண்டுகளிலேயே அது செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. உரிந்ததைத் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. குப்பைக்கு ஒன்று போனதும் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குகிறோம். வீண்விரயத்தைக் கண்டித்து ஜும்ஆ மேடையில் பேசக் கேட்டுத் தலையசைக்கும் நாம், அதைச் சட்டைப் பையிலேயே சுமந்து வருகிறோம்.

நாம் தோலுக்குப் பகைவர்கள் அல்லர். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் தோல் தொழிலால் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறு போட்ட ஊர்கள். அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுக்குச் செய்த கேட்டினை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துரைத்ததையும் மறப்பதற்கில்லை. நல்ல தோலுக்கு, கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் சேர்ந்த நியாயமான விலை ஒன்று உண்டு. அதைக் கொடுக்க இயன்றவர் கொடுத்து வாங்கட்டும். இயலாதவர் போலியை நாடுவானேன்? வீட்டில் துணி இருக்கிறது.

எளிய கணக்கு இதுதான். ஐந்நூறு ரூபாய்த் தாள் 15 செ.மீ. நீளமும் 6.6 செ.மீ. அகலமும் கொண்டது. வங்கி அட்டையோ 8.6 செ.மீ.க்கு 5.4 செ.மீ. ஆகவே விரித்த நிலையில் 20 செ.மீ.க்கு 9 செ.மீ. உள்ள பை போதும். தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு, 22க்கு 11 என்ற ஒரே அளவில் ஐந்து துண்டுகள் வெட்ட வேண்டும். வெளிப்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் ஒவ்வொன்று, அவற்றின் உள்துணிக்கு இரண்டு, அட்டை அறைக்கு ஒன்று. அட்டைத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து உட்பக்கத் துண்டின் அடியில் பொருத்தி, நடுவே 1 செ.மீ. இடைவெளி விட்டு இரு தையல் போட்டால் இரண்டு அறைகள் கிடைக்கும்; பை மடிவதற்கும் அந்த இடைவெளி இடம் தரும். ஒவ்வொரு பக்கத்தையும் அதன் உள்துணியோடு நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு வைத்துத் தைத்து, சிறு வாய் விட்டுத் திருப்ப வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மேற்புறம் தவிர மூன்று பக்கமும் தைத்தால் பணம் வைக்கும் அறை அமைந்து விடும்.

துணித் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். விளிம்பில் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் சேர்வதால், எல்லாவற்றுக்கும் ஜீன்ஸ் துணி வைத்தால் வீட்டு இயந்திரம் திணறும். பழைய ஜீன்ஸ் வெளிப்புறத்துக்கு மட்டும் போதும். அதையும் தேய்ந்த முழங்காலில் அல்லாமல் கீழ்க்காலில் வெட்டுங்கள். உள்ளே பாப்ளின் பொருந்தும். பலமுறை துவைத்து மிருதுவான பருத்திக் கைலியும் உள்துணிக்கு ஏற்றது. வெளிப்புறத்தில் அது தாங்காது. நீளப் பக்கம் துணியின் கரைக்கு இணையாக இருந்தால் பை இழுபட்டுத் தொங்காது. வெட்டுமுன் எல்லாத் துணியையும் நனைத்து உலர்த்தித் தேயுங்கள். இல்லையெனில் முதல் சலவையில் ஒன்று சுருங்க, மற்றது சுருங்காமல் நிற்க, பை கோணிக் கொள்ளும். விறைப்புக்குச் சட்டைக் காலரில் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை, தையல் இடம் விடாமல் 20க்கு 9 அளவில் வெட்டி வெளிப்பக்கத் துண்டில் தேய்த்து ஒட்டினால் விளிம்பு தடிக்காது. 16ஆம் எண் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் போதும். ஆண்களுக்கான பையில் பட்டினை ஒதுக்குவோம். பேணுதல் ஒருபுறம் இருக்க, பட்டு வழுக்கும், வெட்டிய ஓரம் பிரியும்.

"துணிப்பை வைத்திருப்பது வறுமையின் அடையாளம்" என்பார்கள் சிலர். போலி முத்திரை பதித்த போலித் தோலை வைத்திருப்பது எதன் அடையாளம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

"தையல் பெண்கள் வேலை" என்பார்கள் வேறு சிலர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நபிவழியில் தாடியின் நீளத்தைப் பற்றி விவாதிக்கும் நாம், ஊசியைக் கையிலெடுக்கும் சுன்னத்தை மட்டும் மனைவிக்கும் மகளுக்கும் எழுதிக் கொடுத்து விட்டோம். நம் பிள்ளைகளுள் எத்தனை ஆண்பிள்ளைகளுக்கு அறுந்த பித்தானைத் தைக்கத் தெரியும்?

"நேரம் இல்லை, வாங்கிக் கொள்வதே மேல்" என்பவர்களுக்கும் நம்மிடம் மறுப்பில்லை. வாங்குங்கள். ஆனால் எவரிடம், என்ன விலைக்கு? சென்ற பெருநாளுக்கு முன் நம் தெருவில் ஒரு சகோதரி துணிப் பணப்பைகளைத் தைத்து விற்றார். விலை இருநூறு ரூபாய். வெட்டி, தேய்த்து, தைத்து ஒன்றை முடிக்கப் பழகிய கைக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். துணியும் நூலும் மின்சாரமும் போக அவருக்கு என்ன மிஞ்சும்? அதையும் நூற்றிருபதுக்குக் கேட்டவர்கள் நம்மவர்களே. அன்று மாலையே அவர்கள் குளிரூட்டிய கடையில், ஒட்டியிருந்த விலையை ஒரு சொல்லும் பேசாமல் செலுத்தி விட்டு வந்தார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்து கொண்டு, வியர்வையின் விலையையே பாதியாக வெட்டுவதற்கு என்ன பெயர்? அவரே ஸதகா கேட்டு வந்திருந்தால் அந்த எண்பது ரூபாயை மனமுவந்து கொடுத்திருப்போம். உழைத்துக் கேட்டதால் மறுத்தோம்!

நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். உரிந்து போன ரெக்ஸின் பைகள் நம் அலமாரியிலும் கிடக்கின்றன. எனவே முதல் அறிவுரை நமக்கே. அடுத்த பையை நாமே தைப்போம். அல்லது தைப்பவரிடம் அவர் கேட்கும் நியாயமான விலைக்கு வாங்குவோம். பைக்குள் வரும் பணம் ஹலாலாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிற நாம், பையும் அதற்குக் கொடுத்த கூலியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்றும் கவலை கொள்வோம். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அதற்கு அருள்புரிவானாக. ஆமீன்.