பத்தாண்டுப் புல்வெளி போதாது

உழவர் தம் நிலத்தின் ஒரு பகுதியில் பயிரிடாமல் இருப்பதற்காக அமெரிக்க அரசு அவருக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. 1930-களின் புழுதிப் புயல்கள் நடுச் சமவெளியின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனதைக் கண்டு, 1935-இல் மண் காப்புக்கெனத் தனித்துறை அமைத்த அந்நாடு, 1985-ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தில் நிலக் காப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மண்ணரிப்புக்கு எளிதில் ஆளாகும் நிலங்களைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழாமல் விட்டு, புல்லோ மரமோ வளர்க்க ஒப்புக்கொள்பவருக்கு ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் தருவதே அதன் சாரம்.

அந்தப் பணம் சும்மா கிடைப்பதில்லை. பொதுச் சேர்க்கையின்போது உழவர் நிலத்தைக் குறித்து, கேட்கும் தொகையையும் எழுதிக் கொடுக்க, மண்ணரிப்பு, நீரின் தூய்மை, காட்டுயிர் நலன், செலவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு அரசு தேர்வு செய்கிறது. தேர்வானவர் புல் விதைக்கும் செலவில் ஏறத்தாழப் பாதியை ஏற்க வேண்டும். பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் புல்லை அறுக்கக் கூடாது. வறட்சி வந்தாலும் விதிகளின்படி அனுமதி பெற்றே மாடுகளை மேயவிட வேண்டும். வடக்குச் சமவெளியின் குட்டைகளைச் சுற்றி இப்படி வளர்ந்த புல்வெளிகளில் காட்டுவாத்துகள் பெருகின. ஓடைகளில் மண்ணும் உரச்சத்தும் கலப்பது குறைந்தது. வரிப்பணம் இவ்வளவு நேராகப் பொதுநன்மையாக மாறுவது வேளாண் மானியங்களில் அரிது.

குறை காலவரம்பில் இருக்கிறது. 2007-இல் 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலப்பதை அதே அரசு சட்டத்தால் ஊக்குவிக்க, 2005-இல் புஷெல் ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 25 கிலோவுக்கு, 2 டாலர் அளவில் இருந்த மக்காச்சோள விலை 2012-இல் 7 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் புல்வெளியை உழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. நாடாளுமன்றமோ 2014-இல் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 2018-இல் வரம்பைச் சற்று உயர்த்தினாலும், பொதுச் சேர்க்கைக்கான தொகையை வட்டாரச் சராசரிக் குத்தகையில் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. அரசு கூடுதலாகக் கொடுத்தால் இளம் உழவர்களுக்குக் குத்தகை நிலம் கிடைக்காது என்ற வாதம் நியாயமானதே; ஆனால் அதன் விலையைக் கொடுத்தது மண். பல்லாண்டுகளாகப் புல் வேர்விட்டு மண்ணில் சேர்த்த கரிமத்தில் பெரும்பங்கைச் சில உழவுகளே கலைத்துவிடும்.

கால்நடைத் துறையில் குறை வேறுவிதமானது. 1996-இல் தொடங்கிய சூழல்தர ஊக்கத் திட்டம், பண்ணையில் செய்யும் காப்புப் பணிகளின் செலவைப் பகிர்ந்துகொள்கிறது. அதன் நிதியில் பாதி கால்நடைக்கென ஒதுக்கப்படுகிறது. மேய்ச்சல் நிலத்தில் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து மந்தையை முறைவைத்து மேய்க்கும் சிறு பண்ணையாளரும், ஆயிரக்கணக்கான பன்றிகளை அடைத்து வைத்து எருக்குட்டை கட்டும் பெருநிறுவனப் பண்ணையும் ஒரே நிதிக்குப் போட்டியிடுகின்றனர். பெரும்பண்ணை தன் கழிவைத் தன் செலவிலேயே அடக்க வேண்டும்.

காலவரம்பைப் பொறுத்தவரை, நீர்வளம் காக்கும் நிலங்களுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் வழங்க 2018-ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்துள்ளது. அதை மண்ணரிப்புக்கு எளிதில் ஆளாகும் நிலங்கள் அனைத்துக்கும் விரிவாக்கி, அவற்றுக்கு மட்டுமாவது முழுக் குத்தகையையும் அமெரிக்க நாடாளுமன்றம் வழங்க வேண்டும்.