யாருடைய கையில் வயர் இருக்கிறது?

கடந்த மாதம் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் ஒரு கொப்பியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தான். பொறியியல் படிக்கிறான். அவனும் மூன்று நண்பர்களுமாக, ஒருவர் இருந்து ஓட்டக்கூடிய சிறிய விமானம் ஒன்றைக் கட்டுவது பற்றி யோசிக்கிறார்கள். இன்னும் ஒரு ஆணிகூட வாங்கவில்லை. கொப்பி நிறையக் கேள்விகள் மட்டும்தான்.

"மாமா, வீட்டுக்கு இழுக்கிற வயரை விமானத்துக்குப் போடலாமா?"

நான் வாய் திறக்க முதல் குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, உதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் குடுக்காதை. எங்கட பெயரோட வயர், விமானம் எண்டு திரிஞ்சால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதே?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்த நாடு முதலாவதைக் கேட்டுப் பழகவில்லை. இரண்டாவதை மட்டுமே எங்களுக்குப் பழக்கியிருக்கிறது.

முதலில் மருமகனுடைய கேள்வி. வீட்டு வயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கும். விமானத்தில் இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் வயர் நடுங்கிக்கொண்டே இருக்கும். தடித்த செம்பு இழை அந்த நடுக்கத்தில் முறிந்துவிடும். அதனால்தான் விமானத்துக்கு மெல்லிய பல இழைகளை முறுக்கிய, வெள்ளீயம் பூசிய செம்பு வயரைப் பாவிக்கிறார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீடுகளில் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, உப்புக்காற்றில் செம்பு எப்படிப் பச்சை பூக்கும் என்பது தெரியும். வெள்ளீயப் பூச்சு அதைத் தடுக்கும். வீட்டு வயரின் பிவிசி உறை எரிந்தால் நச்சுப் புகை வரும். விமானி கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடமுடியாது. ஆகவே வெப்பத்தைத் தாங்கும் டெஃப்செல் போன்ற உறை வேண்டும்.

வயரின் முனையைச் சோல்டர் பண்ணுவதைவிட, சரியான இடுக்கியால் முனைக்கவ்வியை நசுக்கிப் பொருத்துவதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். சோல்டர் ஊறிய பகுதி விறைத்துவிடும். விறைப்பு முடிந்து வளையும் பகுதி தொடங்குகிற இடத்தில் வயர் முறியும். பியூஸ் காப்பாற்றுவது முதலில் வயரைத்தான், கருவியை அல்ல. இதைச் சில மின்வேலைகாரரே மறந்துவிடுகிறார்கள்.

எனக்குப் பயம் தருவது மக்னீற்றோ வயர். வீட்டில் சுவிட்ச் வயர் அறுந்தால் மின்குமிழ் அணைந்துவிடும். சிறிய விமான இயந்திரங்களில் மக்னீற்றோவை நிறுத்தும் வயர் அறுந்தால், சுவிட்சை அணைத்த பின்னும் அது உயிரோடு இருக்கும். தரையில் நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் இயந்திரம் திடீரென்று பற்றிக்கொள்ளலாம். அதனால் எப்போதும் "உயிரோடு இருக்கிறது" என்று நினைத்துத்தான் புரொப்பெல்லரைத் தொடவேண்டும்.

இது சிறிய விமானங்களின் பிரச்சினை மட்டுமல்ல. 1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி சுவிஸ் எயார் 111 கனடாவுக்கு அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். வயரில் எழுந்த தீப்பொறி, அருகிலிருந்த காப்புப் போர்வையைப் பற்றவைத்திருக்கலாம் என்பதே கனேடிய விசாரணையாளர்களின் முடிவு. உறை உரிந்த ஒரு வயர் போதும்.

இனி அக்காவின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் என் கதைக்குப் போகவேண்டும்.

நான் வயர் வேலை பழகியது பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை இயக்கிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். வயர் எங்களுக்குப் பிழைக்கும் வழி.

2007 இல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, கடையொன்றில் வேலை செய்தேன். மார்ச் 26 அதிகாலை புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. மூன்று படையினர் இறந்தார்கள். நால்வர் இருக்கக்கூடிய செக் நாட்டு ஸ்லின் ரக விமானங்களே அவை. ஏப்ரல் 29 அதிகாலை, உலகக்கிண்ண இறுதிப்போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கொழும்பு திடீரென்று இருண்டது. வானத்தில் வேட்டொலிக் கோடுகள். லொட்ஜில் ஒருவரும் பேசவில்லை. வானத்திலிருந்து வரும் சாவு எங்களுக்குப் புதிதல்ல, 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலித் தேவாலயத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் அந்த இரவில் அயல்வீட்டுச் சிங்களக் குழந்தை அழுத சத்தமும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பயம் பொய்யல்ல.

அடுத்த சில நாட்களில் நடந்த சோதனையில் என் பெட்டிக்குள் சோல்டர் கோலும், இரண்டு சுருள் வயரும், ஒரு மீற்றரும் இருந்தன. ஒரு பொலிஸ் நிலையத்தில் இரவு முழுக்க இருத்தி வைத்தார்கள். "இது எதற்கு?" என்று ஒருவரும் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "எந்த ஊர்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். காலையில் கடை முதலாளி வந்து கூட்டிப்போனார்.

ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் அன்றிரவு கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் படுத்திருந்ததால் தப்பினேன். அக்காவின் பயம் அந்த நாட்களிலிருந்து வருவது.

இதே கொழும்பில் வேறொரு மனிதரும் சிறிய விமானம் கட்டினார். பொறியியலாளர் ரே விஜேவர்தன தானே வடிவமைத்த இலகு விமானங்களைக் கட்டி ஓட்டினார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்து, 2010 இல் மறைந்தார். நாடு அவரைக் கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடியது. அது சரியானதே. அதே ஆர்வம் கொட்டாஞ்சேனைப் பொடியனுக்கு வந்தால் தாய் ஏன் நடுங்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

2019 ஏப்ரல் 21 இல் எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. சில நாட்களில் ட்ரோன்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. சந்தேகப் பார்வை எங்கள் முஸ்லிம் அயலவர் பக்கம் திரும்பியது. பார்வை இடம் மாறியதே தவிர, கேள்வி மாறவில்லை.

1979 இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமானது. 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. ஒரு சுருள் வயருக்கு 12 மாதமும் அதிகம்தான். 2023 இல் வந்த மாற்றுச் சட்டமூலம் பயங்கரவாதத்துக்குக் கொடுத்த விரிந்த வரைவிலக்கணத்தால் கண்டனத்துக்கு உள்ளானது. 2024 இல் ஆட்சிக்கு வந்தவர்களும் பழைய சட்டத்தை நீக்குவதாகவே வாக்களித்தார்கள். எந்தப் பெயரில் எந்த வரைவு வந்தாலும் நாங்கள் பார்க்கவேண்டியது ஒன்று: கையில் இருந்த பொருளைக் கொண்டு ஒருவரை அடைக்கலாமா, அல்லது தீய நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டுமா?

விமானப் பாதுகாப்பு இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவில் ஒருவர் தன் கராஜில் கட்டும் விமானத்தை அந்த வகையில் பதிய, வேலையின் பாதிக்கு மேல் கட்டுபவர்களே கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்கவேண்டும். அதை நிரூபிக்க ஒவ்வொரு கட்டத்தையும் எழுதியும் படமெடுத்தும் வைப்பார்கள். பரிசோதகர் வந்து வேலையைப் பார்ப்பார். அங்கே பாதுகாப்பைத் தருவது வெளிச்சம். பயத்தில் ஒளித்துச் செய்கிற வேலையில் பிழையான வயரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டு வயர் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பையும் திகதியோடு கொப்பியில் எழுது. ஒன்றும் வாங்க முதல், நால்வரும் கையெழுத்திட்டு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்குக் கடிதம் கொடுங்கள். பிரதியைக் கவனமாக வைத்திருங்கள்.

அக்கா அப்போதும் திருப்திப்படவில்லை. "கடிதத்தில உன்ர பெயரையும் போடு" என்றா. போட்டேன்.