எந்த மருத்துவமனை, தோழர்?

சென்ற மாதம் ஓர் இரவு, தீர்மானம் ஒன்றின் தமிழாக்கத்தை முடித்துக்கொண்டிருந்த வேளையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு தோழர் தொலைபேசியில் அழைத்தார். போக்குவரத்துத் தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருடைய மகள் கணவருடன் நொய்டாவில் வசிக்கிறார். பதினான்காம் வாரம். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் ஒரே நச்சுக்கொடி என்பது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ஆபத்து மிகுந்த கர்ப்பம் என்றும், எல்லா வசதிகளும் உள்ள இடத்தில் இப்போதே பதிந்துகொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் கூறிவிட்டார். “இத்தனை ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறீர்கள். எந்த மருத்துவமனை, தோழர்?” என்று கேட்டார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. பொது சுகாதாரத்தைப் பாதுகாப்போம், மருத்துவத்தைத் தனியார்மயமாக்குவதை எதிர்ப்போம் என்னும் வரிகளை இருபதாண்டுகளுக்கும் மேலாக மொழிபெயர்த்து வருகிறேன். அன்றிரவும் மேசைமீது கிடந்தவை அவ்வரிகளே. ஆனால், ஒரு தந்தை தன் மகளைக் குறித்துக் கேட்கும்போது, தயக்கமின்றி ஓர் அரசு மருத்துவமனையின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. தனியார் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. நாளை அழைக்கிறேன் என்று கூறி வைத்துவிட்டேன். இந்தத் தயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. நம் தோழர்களில் எத்தனை பேர் தம் வீட்டுப் பிரசவங்களுக்கு எங்கே சென்றோம் என்று எண்ணிப் பார்த்தால் அது விளங்கும்.

முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். நம் ஏட்டில் அது போதுமான அளவு எழுதப்படுவதில்லை. இரட்டைக் கர்ப்பங்கள் அனைத்தும் ஒரே வகையின அல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி நச்சுக்கொடி இருக்குமாயின் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஒரே நச்சுக்கொடியை இரண்டும் பகிர்ந்துகொள்ளுமாயின், அதனுள் இருக்கும் இரத்தக் குழாய்களின் இணைப்பால் ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து, ஒன்று வற்றவும் மற்றொன்று வீங்கவும் நேரலாம். இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இந்நிலை ஏற்படுகிறது. எனவே பதினாறாம் வாரம் தொடங்கி இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். உரிய காலத்தில் கண்டுபிடித்தால் கருப்பைக்குள்ளேயே லேசர் சிகிச்சை செய்யலாம். அதைச் செய்யும் இடங்களோ மிகச் சில. எவ்வகை இரட்டையர் என்பதைப் பதினொன்று முதல் பதினான்கு வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனே தெளிவாகக் காட்டும். அந்த ஒரு ஸ்கேன் தவறிப்போனால் பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் அத்தெளிவு கிடைப்பது அரிது.

தாய்க்கும் ஆபத்துகள் உண்டு: இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு. நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஒரு குழந்தையைச் சுமப்பதற்கே இரத்தம் போதாத உடல் இரண்டைச் சுமக்கிறது என்று பொருள். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றனர். சிக்கல் எதுவும் இல்லையென்றாலும் நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரை 36ஆம் வாரமளவில் பிறப்பித்துவிடுவதே மருத்துவ வழக்கம். ஆகவே குறைமாதக் குழந்தைகள் இருவரை எதிர்பார்த்தே இடத்தைத் தேட வேண்டும்.

அப்படியெனில் கேட்கவேண்டிய கேள்விகளும் வேறு. வரவேற்பறையின் பளிங்குத் தரையும், கணவரும் தங்கக்கூடிய தனியறையும் இங்கு ஒரு பொருட்டே அல்ல. இரவு இரண்டு மணிக்கு மகப்பேறு நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் கட்டடத்துக்குள் இருப்பார்களா, வீட்டிலிருந்து வரவேண்டுமா? இரத்த வங்கி உள்ளேயே உள்ளதா? பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா? எத்தனை வாரக் குழந்தை வரை அங்கே காப்பாற்றியிருக்கிறார்கள்? ஒரே நேரத்தில் இரண்டு படுக்கைகள் கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒரு குழந்தை ஒரு மருத்துவமனையிலும், மற்றது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வேறொன்றிலும், அறுவை செய்த வயிற்றோடு தாய் மூன்றாவது இடத்திலும் கிடந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். பிறந்தபின் ஆம்புலன்சில் மாற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை உரிய இடத்துக்கு மாற்றுவது குழந்தைக்குப் பன்மடங்கு பாதுகாப்பானது. நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் பேற்றுக்கு முன்பே தாய்க்குப் போடப்பட வேண்டியது. காலம் தாழ்த்தாமல் பரிந்துரைக்கும் ஒரு சிற்றூர் மருத்துவரால் பிழைக்கும் உயிர்கள் ஏராளம்.

இனி, பணம். 2025 மார்ச் இறுதியில் புனேயில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு மாத இரட்டைக் கர்ப்பத்துடன் ஒரு பெண் பெயர்பெற்ற அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பத்து லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. ஆளுங்கட்சி வட்டாரத்தில் தொடர்புள்ள குடும்பம் அது. மேலிடத் தொலைபேசி அழைப்புகளும் பயன்படவில்லை என்றே செய்திகள் வந்தன. வேறொரு மருத்துவமனையில் இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றெடுத்த அவர் சில நாள்களில் இறந்தார். நகரமே கொதித்தெழுந்த பிறகு, அவசர சிகிச்சைக்கு வருவோரிடம் இனி முன்பணம் வாங்குவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. இத்தனைக்கும் மகாராஷ்டிரச் சட்டப்படி அறக்கட்டளை மருத்துவமனைகள் பத்து விழுக்காட்டுப் படுக்கைகளை வறியோருக்கு இலவசமாகவும், மேலும் பத்து விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியாக வேண்டும். சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தில்லித் தனியார் மருத்துவமனைகளுக்கும் இத்தகைய கடமை உண்டு: உள்நோயாளிகளில் பத்து விழுக்காடு, புறநோயாளிகளில் இருபத்தைந்து விழுக்காடு இலவசம். 2018இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இவ்வுரிமையை அறிந்து சென்று கேட்பவர் எத்தனை பேர்?

அவசர சிகிச்சை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது மேற்குவங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பான பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பியவற்றுள் பல அரசு மருத்துவமனைகள். அப்போது அங்கே நடந்தது இடது முன்னணி ஆட்சி என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 

தனியார் மருத்துவமனையில் நடக்கும் பிரசவங்களில் 47 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனையில் 14 விழுக்காடு. இதுவும் அதே குடும்பநல ஆய்வின் கணக்கு. ஒரே நாட்டுப் பெண்களின் உடல், கட்டடத்தின் உடைமையைப் பொறுத்து இவ்வளவு வேறுபடுமா என்று கேட்பது நியாயம். எனினும் இரட்டைக் கர்ப்பத்தில் பல நேரங்களில் சிசேரியன் உண்மையாகவே தேவைப்படும். இங்கு அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடுவது தவறு. நான் அஞ்சுவது நாள் கணக்கில் வாடகை ஏறும் இன்குபேட்டரைத்தான். காப்பீடு இருக்கிறது என்று நம்பிச் செல்வோர், பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் உண்டு என்பதைக் கட்டணச்சீட்டைப் பார்த்தபின்பே அறிகின்றனர்.

தனியார் எனில் பாதுகாப்பு என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. 2024 மே மாதம் தில்லி விவேக் விஹாரில், உரிமம் காலாவதியான பின்னும் இயங்கிவந்த ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் தீப்பற்றிப் பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஜான்சியில் எரிந்தது அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவு. பத்துக் குழந்தைகள் அன்றிரவே இறந்தன. 2017 ஆகஸ்டில் கோரக்பூரில் ஆக்சிஜன் நின்றதும் அரசு மருத்துவமனையிலேயே. அரசு என்று சொல்லிவிட்டால் நம் வாதம் முடிந்துவிடாது.

ஆயினும் அரசு மருத்துவமனையால் என்ன இயலும் என்பதற்கும் தில்லியிலேயே சான்று உண்டு. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை, குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார அமைப்பு ஓர் ஆய்வை நடத்தியது. இந்தியாவில் அது நடந்த இடம் சப்தர்ஜங் மருத்துவமனை. உடனே தொடங்கிய குழுவில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்ற முடிவு 2021இல் வெளியாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட வேண்டியிருந்தது, புதுமை அவ்வளவே. இந்தியில் ‘ஜச்சா–பச்சா’ என்று தாயையும் சேயையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவ்விருவரையும் கண்ணாடிக் கதவு வைத்துப் பிரித்ததுதான் நவீன மருத்துவமனை. தாயின் மார்புக்குக் கட்டணச்சீட்டு போட முடியாதென்பதால் தனியாருக்கு இதில் ஆர்வம் குறைவாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

இப்போது வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இரு தலைமுறைகளாக வீட்டுவேலை செய்து வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு அப்பாலுள்ள நரேலாவில் குடியிருப்பு தரப்பட்டது. நான் அறிந்த ஓர் இளம்பெண் அப்போது இருபத்து நான்காம் வாரக் கர்ப்பிணி. அவருக்கும் இரட்டையர், நச்சுக்கொடி தனித்தனி. கேம்பில் இருந்தவரை பெரிய அரசு மருத்துவமனைகள் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் இருந்தன. நரேலாவிலிருந்து இரவில் வலி எடுத்தால்? குடும்பம் நரேலாவுக்குச் செல்ல, அவரும் அவர் தாயும் போகலில் ஒரு சிற்றறையை மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தார்கள். இலவச மருத்துவமனையின் அருகில் இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆங்கிலத் தீர்மானங்களில் வரும் ‘சாய்ஸ்’ என்பதைத் ‘தேர்வு’ என்றே இதுவரை எழுதி வந்தேன். தமிழில் அச்சொல் பரீட்சையையும் குறிக்கும் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது.

முப்பத்து நான்காம் வாரத்தில் பேறு. பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பெண்கள். முறைவைத்துக் கால் நீட்டினார்கள். வெளியே வாங்கிவரச் சொன்ன மருந்துகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஆயிற்று. 2011 முதல் நடப்பிலுள்ள ஜனனி–சிசு பாதுகாப்புத் திட்டப்படி மருந்து, இரத்தம், உணவு, ஊர்தி அனைத்தும் இலவசம் என்ற அறிவிப்பு அதே சுவரில் தொங்கியது. ஒரு குழந்தை 1,700 கிராம், மற்றது 1,450. சிறியது பத்தொன்பது நாள்கள் உள்ளே இருந்தது. இருவரும் பிழைத்தனர். இரவும் பகலும் நின்ற ஒரு செவிலியரை அந்தக் குடும்பம் இன்றும் தெய்வமாகப் பேசுகிறது. அவர் ஒப்பந்தப் பணியாளர். பெற்றவள் வேலை செய்த நான்கு வீடுகளில் இரண்டு, வேறு ஆளை அமர்த்திக்கொண்டன. 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்புச் சட்டம் வீட்டுவேலைத் தொழிலாளரின் வாசலுக்கு வருவதில்லை.

அந்தக் கட்டில் ஏன் இருவருக்கு ஆயிற்று? உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அரியானாவிலும் சமூக சுகாதார மையங்களில் நிபுணர்கள் இல்லை. நாடு முழுவதும் ஊரக மையங்களுக்குத் தேவையான நிபுணர்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு பற்றாக்குறை என்பது அரசின் சொந்தக் கணக்கு. அங்கே பார்க்க இயலாத ஒவ்வொரு சிக்கலான கர்ப்பமும் தில்லிக்கு ரயில் ஏறுகிறது. உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு சுகாதாரத்துக்கு என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கை 2025ஐக் கெடுவாக வைத்தது. 2021–22இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 விழுக்காடு.

நிதி கேட்டுப் போராடுவதோடு நம் கிளைகள் செய்யக்கூடியவை வேறு உண்டு. மாவட்ட மருத்துவமனையில் இயங்கும் வென்டிலேட்டர்கள் எத்தனை, இரவுப் பணியில் மயக்க மருந்து நிபுணர் உண்டா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதி வைக்கலாம். நோயாளர் நலக் குழுக்களில் நம்மவர் இடம்பெறலாம். வழக்குத் தொடுக்கலாம். இவற்றைவிடக் கடினமானது ஒன்று: நாமே அந்த வார்டுக்குச் செல்வது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வெளியேறிவிட்ட இடத்தில்தான் இருவருக்கு ஒரு கட்டில் இயல்பாகிறது.

மறுநாள் தோழரை அழைத்தேன். கருவியல் சிறப்புப் பிரிவும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒருங்கே உள்ள அரசு மருத்துவமனையொன்றைச் சொன்னேன். கூட்டத்தைப் பற்றியும் மறைக்கவில்லை. தனியாருக்கே செல்வதாயின் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி அனுப்பினேன். மகள் அரசு மருத்துவமனையில் பதிந்து முதல் சோதனைக்குச் சென்றார். ஐந்து மணி நேரம் நின்றார். மருமகன் வீட்டார் தனியார் என்றே பிடிவாதமாக உள்ளனர். இப்போது இரண்டு இடத்திலும் கோப்பு இருக்கிறது. அவர்களைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

பதினெட்டாம் வாரம் நடக்கிறது. சென்ற ஸ்கேனில் இரண்டு பனிக்குடங்களிலும் நீர் சம அளவில் இருந்ததாம். அடுத்தது வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன். பேற்றின்போது இரத்தம் தேவைப்படலாம் என்பதால் தோழர் என் இரத்த வகையைக் கேட்டார். அலுவலகத்தில் அதே வகை கொண்ட இளந்தோழர்கள் இருவரின் எண்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.