பெட்டி பிரித்த அன்றே எழுதப்படும் தீர்ப்புகள்

காலர் மைக் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டையில் மாட்டி, மூடிய அறைக்குள் நான்கு வாக்கியம் பேசிப் பார்த்து, 'இந்த விலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை' என்று அறிவிக்கும் செயலுக்கு இன்று 'ரிவியூ' என்று பெயர். தமிழிலும் மலையாளத்திலும் இதுவே வழக்கமாகிவிட்டது. மைக், ஹெட்போன், முக்காலி, மெமரி கார்டு, பவர் பேங்க் என ஒலிப்பதிவுக்கும் படப்பிடிப்புக்கும் வேண்டிய துணைக்கருவிகள் யாவும் இவ்வாறே 'மதிப்பிடப்படுகின்றன'. உண்மையில் இவை பொருளை அறிமுகம் செய்பவை மட்டுமே. அறிமுகத்தை மதிப்பீடு என்ற பெயரால் வழங்குவது, காசு வாங்கிக்கொண்டு செய்தாலும் வாங்காமல் செய்தாலும், வாங்குவோரை ஏமாற்றுவதே ஆகும்.

இக்குற்றச்சாட்டைச் சோதித்தறியத் திருவனந்தபுரம் மிகப் பொருத்தமான ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை என இரு மழைகளையும் பெறும் கடலோர நகரம் இது. சங்குமுகத்திலும் கோவளத்திலும் விழிஞ்ஞத்திலும் காற்றோடு உப்பும் சேர்ந்தே வரும். ஒலியையும் படத்தையும் பொருட்டாக மதித்த மரபும் இந்நகருக்கு உண்டு. 1972இல் வெளிவந்த 'சுயம்வரம்' படத்துக்குப் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே ஒலியைப் பதிவுசெய்தார் அடூர் கோபாலகிருஷ்ணன். வ.அய். சுப்பிரமணியம் தலைமையில் வளர்ந்த கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறை இங்கேதான் இருக்கிறது. காரியவட்டம் வளாகத்துத் தமிழ்த்துறை மாணவர்கள் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வில்லுப்பாட்டையும் வட்டார வழக்கையும் பதிவுசெய்யச் செல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கையில் ஸ்டூடியோக் கருவிகள் இரா. ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வாங்கிய கருவிகளே இருக்கும்.

முதலில் பூஞ்சையை எடுத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டுக்கு மேல் வாரக்கணக்கில் நீடித்து, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்துவிட்டால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை படரும். இம்மூன்றையும் ஒருங்கே அளிப்பது கேமராப் பை. பையின் பஞ்சு மெத்தையையும் மழை புகாத உறையையும் புகழாத அறிமுகக் காணொளி இல்லை. மழையில் நனைந்து திரும்பியபின் மூடிவைத்தால், நீரை வெளியே நிறுத்தும் அதே உறை ஈரத்தை உள்ளே சிறைவைக்கும் என்பதைச் சொல்வதற்கு ஒரு மழைக்காலத்தைக் கடந்திருக்க வேண்டும். பையோடு இலவசமாகக் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் என்றென்றைக்கும் ஈரம் உறிஞ்சுவதில்லை. நிரம்பிவிட்டால் அதைச் சூடேற்றி உலர்த்த வேண்டும். இல்லையேல் வெறும் மணிகளே மிஞ்சும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர் பெட்டியோ, காற்றுப் புகாத டப்பாவும் ஈரமானியும் முறையாக உலர்த்திய சிலிக்கா ஜெல்லுமோ, இந்நகரில் பையைவிட முதன்மையான துணைக்கருவி. 'கட்டாயம் வாங்க வேண்டிய பத்துப் பொருள்கள்' என்னும் பட்டியல்களில் இவற்றைக் காண்பது அரிது.

ஹெட்போனின் காதுறை அடுத்த சான்று. தோல்போல் தோன்றும் அந்த மென்பரப்பு பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. வியர்வையும் ஈரக்காற்றும் பட்டுப்பட்டு வேதிப்பிணைப்புகள் நீரால் சிதைய, ஓரிரு ஆண்டில் அது செதில் செதிலாக உதிரும். முக்காலியின் கைப்பிடியிலும் சில மைக்குகளின் மேற்புறத்திலும் பூசப்படும் ரப்பர்ப் பூச்சு பிசுபிசுப்பதும் இத்தகைய சிதைவினாலேயே. வாங்கிய அன்று 'விலையுயர்ந்த பொருளின் தொடுவுணர்வு' என்று போற்றப்படுவது எதுவோ, அதுவே முதலில் கெடுகிறது. 1991 முதல் விற்பனையில் உள்ள சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனின் காதுறையும் உதிரத்தான் செய்கிறது. ஆனால் மாற்றுக் காதுறை தனியே கிடைப்பதால் அக்கருவி பல்லாண்டு உழைக்கிறது. 'உதிரும், மாற்றிக்கொள்ளலாம்' என்பது நெடுநாள் பயன்படுத்தியவரின் சொல். முதல்நாள் மதிப்பீட்டாளரால் இவ்விரண்டில் ஒன்றைக்கூடச் சொல்ல இயலாது.

மைக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. விலை மலிந்த கம்பியில்லா மைக்குகளில் இன்று 'இரைச்சல் நீக்கம்' தலையாய சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுகிறது. மின்விசிறியைச் சுழலவிட்டு, பொத்தானை அழுத்தி, இரைச்சல் மறைவதைக் காட்டினால் காணொளி முடிந்தது. அந்நுட்பம் மனிதப் பேச்சை மட்டும் காக்கவும் ஏனைய ஒலிகளை அடக்கவும் வடிவமைக்கப்பட்டது. அதை வில்லுப்பாட்டின்முன் கொண்டுபோய் வைத்தால் என்ன நேரும்? வில்லின் மணிகள், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகிய யாவும் அதற்கு நீக்கவேண்டிய இரைச்சலே. பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே புலவர் குரலை இறக்கும்போது வாய்ச்சொல்லின் ஓரங்களையும் அது கத்தரிக்கும். தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு சேர்ந்துவிட்டால் கேடு இரட்டிப்பாகும்: குடத்தில் அடி விழும்போதெல்லாம் பதிவின் அளவு தாழ்ந்து, அடுத்துவரும் மெல்லிய சொல் அமிழ்ந்து, பிறகு அளவு மேலேறிப் பின்னணி இரைச்சல் பொங்கும். ஒலியனியல் ஆய்வுக்கோ, பல்லொலிக்கும் நுனிநாவொலிக்கும் இடையிலான வேறுபாடு, ழகரத்தின் வட்டார வடிவங்கள் போன்ற நுண்மைகளே உயிர். மென்பொருள் மெருகேற்றிய குரலில் எது பேசியவருடையது, எது மென்பொருளுடையது என்று பிரித்தறிய வழியில்லை.

இங்கே இழப்பு மைக்கின் விலையோடு நிற்பதில்லை. எண்பது வயதுப் புலவர் ஒருவர் ஒரு கதையை முழுமையாகப் பாடிய இரவு மீண்டும் வராது. 'இரைச்சல் நீக்கத்தை அணைத்துவையுங்கள், ஒலியளவைக் கையால் அமையுங்கள், குடத்தின் உச்ச ஓசைக்கு இடம்விட்டுப் பதியுங்கள்' என்று மூன்று வரி சொல்லும் மதிப்பீடு ஒரு பண்பாட்டுப் பதிவைக் காப்பாற்றியிருக்கும். அவ்வரிகளைச் சொல்ல, அக்கருவியோடு ஒரு கோயில் கொடையிலாவது விடியவிடிய உட்கார்ந்திருக்க வேண்டும்.

கம்பியில்லா மைக்கின் பெட்டியில் அச்சிட்ட தொலைவும் அத்தகையதே. '200 மீட்டர்' என்பது இடையில் தடையே இல்லாத திறந்தவெளிக்கு உரிய அளவு. இக்கருவிகளுள் மிகப்பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே வரிசையில்தான் நெரிகின்றன. நீர் நிறைந்த மனித உடலோ அவ்வலைகளை உறிஞ்சுகிறது. ஆற்றுக்கால் பொங்கலையை நினைத்துப் பார்க்கலாம். 1997இல் 15 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்ற விழா அது. 2009இல் அவ்வெண்ணிக்கை 25 லட்சமாயிற்று. அத்தனை உடல்களுக்கும் அத்தனை செல்பேசிகளுக்கும் நடுவே பெட்டியிலுள்ள எண்ணை நம்பி நிற்பவருக்குக் கிடைப்பது அறுந்தறுந்து வரும் குரல். அங்கே உதவுவது மைக்கிலேயே பதிவு செய்துகொள்ளும் வசதி, அல்லது பழைய கம்பி. கம்பிக்கும் ஒரு நுட்பம் உண்டு: செருகியில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் கேமராவுக்கு, மூன்று இருந்தால் செல்பேசிக்கு. இச்சிறு செய்தியை விட்டுவிட்டு 'எல்லாவற்றுடனும் பொருந்தும்' என்று முழங்கும் காணொளியை நம்பி, ஒலியே பதியாத நேர்காணலோடு வீடு திரும்பியோர் எத்தனை பேரோ.

பெட்டியின் எண்களை மறுமொழியின்றி ஒப்பிப்பது இம்மதிப்பீட்டு மரபின் இன்னொரு நோய். பவர் பேங்கின் '10,000 மில்லி ஆம்பியர் மணி' உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது அது 7,400 ஆகக் குறையும். மாற்றத்தில் நேரும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 6,000 முதல் 6,500 வரையே கைக்கு எட்டும். இது மோசடியன்று, எளிய பெருக்கல் வகுத்தல். அக்கணக்கைச் சொல்லாமல் 'பத்தாயிரம்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் மோசடிக்குத் துணைபோதல். மெமரி கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்ட வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். படம்பிடிப்பவருக்கு வேண்டியது இடையறாது எழுதும் வேகம். அதைக் குறிப்பது மூலையில் சிறிதாக உள்ள 'வி30' போன்ற குறி, அதாவது நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட். கொள்ளளவே போலியான கார்டுகளும் சந்தையில் உள. 128 ஜிபி என்று காட்டிக்கொண்டு அதில் ஒரு பகுதியை மட்டுமே உண்மையாகத் தாங்கும் கார்டு, அந்த எல்லைவரை ஒழுங்காகவே நடந்துகொள்ளும். அதன்பின் பதிந்தவை அழியும். முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதே சோதனை. ஒரேயொரு கோப்பை நகலெடுத்துக் காட்டி 'நன்றாக வேலை செய்கிறது' என்பவர் எதையும் சோதிக்கவில்லை.

'இதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே' என்பார் உண்டு. வந்தது உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொய் விளம்பரத்துக்குத் துணைநிற்பவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. குற்றம் தொடர்ந்தால் ஐம்பது லட்சம் வரை. பொருளையோ பணத்தையோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. இணைய மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரத்தைக் கொணர்ந்தது. ஆனால் அது கட்டாயமில்லாத தரமாகவே வந்தது. இவை யாவும் கேட்பது ஒரே கேள்வி: 'யாரிடம் பெற்றீர்?' எத்தனை நாள் பயன்படுத்தினீர் என்பதை எவரும் கேட்கவில்லை. 'இது விளம்பரக் கூட்டாண்மை' என்று நேர்மையாக எழுதிவிட்டு, இரண்டு நாள் பழக்கத்தில் ஈராண்டுக்கு உறுதி கூறுபவரைச் சட்டம் தொடுவதில்லை.

நட்சத்திரச் சராசரியும் இதற்கு மாற்றாகாது. 'மறுநாளே வந்து சேர்ந்தது' என்பதற்கு ஐந்து நட்சத்திரம், 'பெட்டி நசுங்கியிருந்தது' என்பதற்கு ஒன்று, 'எட்டாம் மாதத்தில் செருகியின் கழுத்தில் கம்பி அறுந்தது' என்பதற்கும் ஒன்று. மூன்றையும் கூட்டி வகுத்தால் எதன் அளவும் தெரியாது. திருப்பியனுப்ப வழங்கும் காலமோ பல பொருள்களுக்கு ஏழு நாள் அல்லது பத்து நாள். மதிப்பீடும் அதற்குள் முடிந்து, குறை அதன்பின் தோன்றினால், தவறு எப்போதும் வாங்கியவர் தலையில் விழும். ஆ. மாதவன் கடை வைத்திருந்து, தம் கதைகளிலும் வாழவைத்த சாலைக் கம்போளத்தின் வணிகரும் லாபத்துக்கே விற்றார். ஆயினும் கெட்டுப்போன பொருளோடு அதே வாடிக்கையாளர் மறுவாரம் அதே படியேறுவார் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. காணொளிக்குக் கீழே தரகுச் சுட்டியை வைப்பவருக்கு அந்த அச்சமில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு. முதலாவது: 'ஆயிரம் ரூபாய்ப் பொருளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' ஆயிரம் ரூபாய்ப் பொருளை வாங்குபவரே இரண்டாம் முறை வாங்க இயலாதவர். விலை குறைவு என்பது பொருளின் தரத்துக்குச் சலுகையாகலாம். மதிப்பீட்டாளரின் உழைப்புக்குச் சலுகையாகாது.

இரண்டாவது: 'ஓராண்டு பயன்படுத்தி எழுதுவதற்குள் புதிய மாதிரி வந்துவிடுகிறது.' செல்பேசிக்கு இது ஓரளவு பொருந்தலாம், துணைக்கருவிக்குப் பொருந்தாது. ஷுவர் எஸ்எம்58 மைக் 1966 முதல் மேடைகளில் இருக்கிறது. நல்ல முக்காலி பல கேமராக்களைக் கடந்து வாழும். ஆண்டுதோறும் பெயரை மாற்றிக்கொண்டு பழைய குறைகளோடு வரும் பொருளைப் பொறுத்தவரை, சென்ற ஆண்டு மாதிரியின் நீண்டகால வரலாறே இவ்வாண்டு மாதிரிக்கான சிறந்த எச்சரிக்கை. பொருளைத் தாமே கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கும் முறையை அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936 முதல் நடத்திவருகிறது. 1978இல் தொடங்கிய அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் இந்தியாவிலும் ஒப்பீட்டுச் சோதனை இயலும் என்று காட்டியது. இயலாமை என்பது சாக்கு.

எனவே 'மதிப்பீடு' என்ற சொல்லைக் கையாள விரும்புவோர் குறைந்தது இவ்வைந்தையும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்:

1. பொருள் வாங்கிய நாள், விலை, பணம் கொடுத்தவர் யார் என்பது.

2. பயன்படுத்திய மொத்தக் காலமும் இடமும். கேரளத்திலும் தமிழகக் கடலோரத்திலும் எனில், ஒரு மழைக்காலமாவது கடந்ததா என்பது.

3. எது, எப்போது கெட்டது. உதிரிபாகம் கிடைத்ததா, பழுது நீக்க ஆள் கிடைத்தாரா என்பது.

4. மைக் எனில், இசை சேர்க்காத, மெருகேற்றாத மூல ஒலிக்கோப்பு. இரைச்சல் நீக்கம் அணைத்த நிலையிலும் இயங்கும் நிலையிலும்.

5. ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அதே பதிவில் சேர்க்கும் பின்குறிப்பு. முன்பு சொன்னது பொய்த்திருந்தால் அதையும் சேர்த்து.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இதில் பங்குண்டு. களப்பணிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் கருவி எவ்வாறு நடந்துகொண்டது என்று ஒரு பக்கம் எழுதித் துறையில் வைத்தால், ஐந்தாண்டில் இந்நகரின் ஈரத்துக்கும் உப்புக்கும் ஏற்ற கருவிகளின் நம்பகமான பட்டியல் உருவாகிவிடும். அடுத்து வரும் மாணவர் நட்சத்திரங்களை எண்ண வேண்டியிராது. இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள் தம் காணொளிக்கு 'முதல் பார்வை' என்று பெயரிட்டுக்கொள்ளட்டும். அப்பெயரில் யாருக்கும் குறையில்லை.